விளக்கு பிறந்த மலையும் விண்மீன் மறைந்த வானமும்

இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அருகே, முதிரப்புழையாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்த சிற்றூர் சித்திரபுரம். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் பெயரை ஒட்டி இவ்வூர்ப் பெயர் அமைந்ததாகக் கூறப்படுகிறது. அவர் ஆட்சியில், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1940ஆம் ஆண்டு இதனருகே பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரள நிலப்பரப்பின் முதல் பெரிய நீர்மின் திட்டம் அதுவே. பின்னர் 37.5 மெகாவாட் திறனை எட்டிய அந்நிலையத்தின் மின்சாரம் ஆலுவாயின் அலுமினிய ஆலைக்கும் உர ஆலைக்கும் அடித்தளமாயிற்று. சமவெளியின் இரவு மாறத் தொடங்கியதில் இந்த மலைநீருக்குப் பெரும் பங்குண்டு.

இதே அரசு ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வேறொரு காரணத்திற்காக இரவைப் பொருட்படுத்தியிருந்தது. 1837இல் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின் மேல் வானாய்வகம் நிறுவி, ஜான் கால்டிகாட்டை அதன் பொறுப்பில் அமர்த்தினார். விண்மீன் பார்க்க ஒரு கட்டடம். பின்னர் விளக்கேற்ற ஒரு மின்நிலையம். ஒரே அரச மரபின் இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று இடையூறாகும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கக் காரணமில்லை. அந்த இடையூறு எவ்வாறு உருவாயிற்று என்பதே ஒளி மாசின் வரலாறு.

தென்னிந்தியாவில் அவ்வரலாற்றைச் சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து தொடங்கலாம். 1792இல் அங்கு எழுந்த வானாய்வகத்திலிருந்துதான் 1861இல் நார்மன் போக்சன் ‘ஆசியா’ என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். 1867இல் சிந்தாமணி இரகுநாதாச்சாரி ஒரு மாறொளிர் விண்மீனை அடையாளம் கண்டார். இன்று அதே நுங்கம்பாக்கத்தில் நின்று வெறுங்கண்ணால் பால்வீதியைக் காண இயலாது. 1960களில் வைணு பாப்பு இரவு வானியலுக்கு உகந்த இடம் தேடியபோது, ஜவ்வாது மலையின் காட்டுப் பகுதியிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கிற்று, 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்த பன்னாட்டு நோக்கீடுகளில் காவலூரும் பங்கேற்றது, 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அடுத்த பெரும் நகர்வு 2000ஆம் ஆண்டில் லடாக்கின் ஹான்லேவுக்கு, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்திற்கு நிகழ்ந்தது. மேகமின்மையும் உலர்ந்த காற்றும் இந்த இடப்பெயர்ச்சிக்கு முதன்மைக் காரணங்கள் என்பது உண்மையே. எனினும், இருளும் ஒவ்வொரு முறையும் தேடப்பட்ட பொருளாக இருந்தது. நிறுவனங்களால் இருளைத் தேடி இடம்பெயர முடியும். மொட்டை மாடியில் சிறு தொலைநோக்கியுடன் நிற்கும் ஆர்வலருக்கும், பள்ளி மாணவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

ஒளி மாசு என்பது விளக்குகள் இருப்பதால் மட்டும் நேர்வதன்று. தரையை நோக்க வேண்டிய ஒளி மேல்நோக்கிக் கசியும்போது, காற்றிலுள்ள மூலக்கூறுகளும் தூசும் நீர்த்துளிகளும் அதைச் சிதறடித்து வானத்தையே மெல்லிய ஒளித்திரையாக்குகின்றன. நீல ஒளி மிகுதியாகச் சிதறும். ஆகவே, பழைய சோடிய விளக்கின் மஞ்சளைவிட நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு வானத்தைக் கூடுதலாக வெளுக்கச் செய்யும். 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. தெருவிளக்குகள் பொருத்தப்பட்டன. மின்சாரச் சேமிப்பு அதன் அளவுகோலாக இருந்தது. வானம் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இழப்பு மொழியிலும் பதிந்துள்ளது. சங்க இலக்கியம் ‘வடமீன்’ எனச் சுட்டும் அருந்ததி, எழுமீன் கூட்டத்தில் வசிட்டனுக்கு அருகே தெரியும் மங்கலான விண்மீன். அதன் பொலிவுத் தரம் ஏறத்தாழ நான்கு; எண் கூடக் கூட மங்கலும் கூடும். பெருநகர வானில் வெறுங்கண்ணின் எல்லை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கு தொடர்கிறது; பகல் முகூர்த்தங்களில் அது ஏற்கெனவே வெறும் திசை காட்டலாகிவிட்டது. இரவிலும் காண முடியாத நிலை வரும்போது, சொல் மட்டும் எஞ்சி, அது சுட்டிய பொருள் அனுபவத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் வானத்தைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்களே. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958இலேயே தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஆணை பிறப்பித்தது. 1988இல் டூசானில் வானியலாளர் டேவிட் கிராஃபோர்டும், மருத்துவரும் வானியல் ஆர்வலருமான டிம் ஹன்டரும் பன்னாட்டு இருள்வானச் சங்கத்தைத் தொடங்கினர். 2001இல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் வானின் இருளை ஒன்பது நிலைகளாகப் பகுத்தார். ஆர்வலர் பங்களிப்பின் ஆய்வுமதிப்பை 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கிரிஸ்டோஃபர் கைபா குழுவினரின் கட்டுரை நிறுவியது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பதிவு செய்த 50,000க்கும் மேற்பட்ட நோக்கீடுகளின்படி, வானின் பொலிவு ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியது. செயற்கைக்கோள் தரவுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காட்டையே காட்டியிருந்தன. அக்கருவிகள் நீல ஒளியை உணர்வதில்லை என்பது அதற்கொரு காரணம். கருவி தவறவிட்டதைக் கண் கண்டது. ஆர்வலர்களின் விருப்பத்தை வெறும் பொழுதுபோக்கு ஏக்கமெனத் தள்ளிவிட இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயினும், இருளைப் போற்றுவோர் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மூணாறு மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு, இருள் என்பது அழகன்று. அட்டையும் யானையும் பாம்பும் நடமாடும் பாதை அது. மின்சாரம் பிறக்கும் மலையில் மின்விளக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரவில் நடந்து செல்லும் பெண்ணுக்கு விளக்கு உரிமை. ஆகவே, ‘விளக்கை அணையுங்கள்’ என்னும் கோரிக்கை வரலாற்று நினைவற்றதாகும்; ‘விளக்கைத் தரைநோக்கித் திருப்புங்கள்’ என்பதே பொருத்தமான கோரிக்கை. கண்ணைக் கூசச் செய்யாத, மூடி பொருத்திய விளக்கு பாதையையும் தெளிவாகக் காட்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாததன்று. 2022இல் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் ஊரை இருட்டாக்கிவிட்டு அமரவில்லை. விளக்குகளுக்கு மூடியும் சன்னல்களுக்குத் திரையும் இட்டனர். சிலர் தொலைநோக்கி இயக்கப் பயிற்சி பெற்று, வருவோருக்கு வானம் காட்டி வருவாய் ஈட்டுகின்றனர். 2024இல் மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் இருள்வானப் பூங்காவாக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் கொல்லிமலையில் அத்தகைய பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டுள்ளது.

சித்திரபுரத்தைச் சுற்றிய மலைச்சரிவுகளில் இன்று விடுதிகள் பெருகியுள்ளன. சுற்றுலாவை நம்பிய ஓர் ஊருக்கு, விடுதி முகப்பின் மேல்நோக்கிய அலங்கார விளக்கைவிட விண்மீன் நிறைந்த வானம் குறைந்த மதிப்புடையதன்று. அதைக் காக்க முதலில் அளவிட வேண்டும். மேற்குறித்த ஆய்வின் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. ஆசியாவின் பங்கு மிகச் சிறிது. ஒரு வான வரைபடமும் பழகிய கண்ணும் நிலவற்ற ஓர் இரவும் இருந்தால், மலைத்தொடர்ப் பள்ளிகளின் மாணவர்களே அக்குறையை நிரப்பத் தொடங்கலாம். 1940இல் இந்த மலை கீழ்நோக்கி அனுப்பிய ஒளி எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. மேல்நோக்கிக் கசிவது எவ்வளவு என்னும் கணக்கு இனித்தான் எழுதப்பட வேண்டும்.