விளக்கு காட்டாத வாயு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டுவதால், சுரங்க வாயுவைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சு குறைவு. வடக்கே அப்படியில்லை. 1965 மே 28 அன்று, அன்றைய பீகாரில் இருந்த தோரி சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 268 பேர் மாண்டார்கள்.

1815-ல் ஹம்ப்ரி டேவி கம்பிவலை போட்ட விளக்கைச் செய்தார். மீத்தேன் இருந்தால் சுடர்மேல் நீலநிறம் படரும். பிராணவாயு குறைந்தால் விளக்கு அணையும். ஆனால் வெடிப்புக்குப் பின் பரவும் கார்பன் மோனாக்சைடில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மனிதன் சாய்ந்துவிடுவான். அதற்காகத்தான் பிரிட்டனில் 1986 வரை கேனரிக் குருவிகளைச் சுரங்கத்தில் வைத்திருந்தார்கள்.

மீட்புப் பயிற்சியில் முதல் பாடம் இதுதான்: முதுகில் பிராணவாயுக் கருவி இல்லாமல் இறங்காதே, தனியாகவும் இறங்காதே.

நம் பெரியவர்கள் பாழுங்கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்ததும் இதே அறிவுதான். ஆனால் உள்ளே டீசல் எஞ்சின் ஓடியிருந்தால் அந்த விளக்கை நம்ப முடியாது. கழிவுநீர்த் தொட்டியிலோ நெருப்பே ஆபத்து. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவதால்தான் ஒரு சாவு மூன்றாகிறது. மேலேயே நின்று 101-க்குப் போன் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.