கோயிலுக்குள்ள பறை

விழுப்புரம் - திண்டிவனம் நடுவுல எங்க ஊர். சர்ச்சை நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். போன கிறிஸ்மஸுக்கு லீவுல போனா, பசங்க பழைய கோயிலுக்கு வெள்ளையடிச்சு, சாயங்கால டியூஷன், வாசல்ல பறைப் பயிற்சின்னு கலக்கிட்டிருந்தாங்க. எனக்கு சந்தோஷம். தாத்தா முகம்தான் சரியில்ல. "இதை விட்டு வெளிய வரத்தான்டா நாங்க வேதத்துக்கே வந்தோம்!"

அவர் சொன்னதுல ஒரு வரலாறே இருக்குங்க.

1853-ல ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்கன் ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சாங்க. திண்டிவனம் மிஷன் பங்களான்னா எல்லாருக்கும் ஐடா ஸ்கடர் கதை ஞாபகம் வரும். பெண் டாக்டர் இல்லாம ஒரே ராத்திரியில மூணு பெண்கள் பிரசவத்துல செத்துப்போனதும், அதனாலயே அவர் டாக்டருக்குப் படிச்சு, 1900-ல வேலூர்ல வைத்தியம் ஆரம்பிச்சதும் பிரபலம்.

கிராமத்துக் கோயில்களைப் பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல. பல ஊர்ல வாரநாள்ல பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை ஆராதனை, ரெண்டும் ஒரே கட்டடத்துல. உபதேசியார்தான் வாத்தியார். ஊர்த்தெருவுக்குள்ள நடக்கவே விடாத ஜனங்களுக்கு அதுதான் முதல் பொது இடம். பசங்க டியூஷன் எடுக்கறது புதுசில்ல, பழசோட தொடர்ச்சி.

ஆனா பறை மட்டும் வெளியவே நின்னுடுச்சு. சாவுக்கு அடிச்சே ஆகணும்னு சாதி சுமத்துன வேலை அது. அதை உதறினது சுயமரியாதை. உள்ள ஆர்மோனியமும் கீர்த்தனையும் வந்துச்சு.

1980, 90-கள்ல மதுரை இறையியல் கல்லூரியில இருந்த தியோபிலஸ் அப்பாவு (பரட்டைன்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும், 2005-ல காலமானார்) இதைத் திருப்பிக் கேட்டார். அவமானம் அடிச்சவனுக்கா, அடிக்க வச்சவனுக்கா? நாட்டுப்புற இசையிலயே ஆராதனை முறை எழுதினார். எல்லாரும் ஒரே உலையில பொங்கித் திங்கணும்ங்கறதுதான் அவர் இறையியல்.

தாத்தா விட்டதும் மரியாதைக்காக, அப்பாவு எடுத்ததும் மரியாதைக்காக. இதுல யாரைத் தப்புன்னு சொல்ல?

ஒரு பையன் சொன்னான்: "சாவுக்குக் கூப்பிட்டா போக மாட்டோம் தாத்தா. இது எங்களுக்காக."

தாத்தா பதில் சொல்லல. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னார். அப்புறம், "தோல் தொஞ்சு கெடக்கு, சத்தமே வரல. வைக்கோல் கொளுத்திக் காட்டுங்கடா"ன்னார்.

அது அவருக்கு எப்படித் தெரியும்னு யாரும் கேக்கல.