நாவல் கற்பிக்கும் கலை

தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்த ஆண்டு 1879. அடுத்த ஆண்டிலேயே ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் மண்ணில் தங்கம் தோண்டத் தலைப்பட்டனர். எனவே தமிழ் நாவலும் நம் முன்னோரின் சுரங்க வாழ்வும் ஏறத்தாழ ஒத்த வயதின.

வேதநாயகம் பிள்ளை அந்நாவலில் கதைத்தலைவனையே 'நான்' என்று பேசவைத்தார். ராஜமய்யர் 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில், சிறுகுளத்துப் பெண்டிரின் வம்புப் பேச்சாலேயே ஊரின் குணத்தைப் புலப்படுத்தினார். ரகுநாதன் 1953இல் வெளிவந்த 'பஞ்சும் பசியும்' நாவலில் கைத்தறி நெசவாளர் துயரையும் எழுச்சியையும் கதையின் மையமாக்கினார்.

இம்மூன்று உத்திகளும் நமக்கு வேண்டுவன. பதினாயிரம் அடி ஆழத்தில் உழைத்தவர் 'நான்' என்று பேசட்டும். குழாயடிப் பேச்சு நம் லயன்களின் இயல்பைக் காட்டட்டும். பாறை வெடித்த நாள்களில் சுரங்க வாயிலில் கலங்கி நின்ற கூட்டமே கதையின் மையமாகட்டும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதில் உழைத்த பெரியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் நினைவும் உடன்மறையாதிருக்க, நம் இளைஞர் நாவல்களைப் பொழுதுபோக்காக மட்டுமன்றி, எழுதக் கற்பிக்கும் பாடநூல்களாகவும் பயில்வாராக!