பழைய பாக்கியை விட்ட சொல்

சேவூரில் நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். தறியில் உட்காரும் முன்பே கையில் ஒரு முன்பணமும் கொடுப்பார். புடவை அறுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார். கல்யாணம், பிரசவம், மழைக்காலம் என்று ஏதாவது வரும், பிடித்ததைவிட அதிகமாக மறுபடி வாங்குவோம். எங்கள் தெருவில் பாக்கி இருக்கும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. வேறொருவர் கூப்பிட்டால், அவர் அந்தப் பாக்கியைக் கட்டித்தான் ஆளை அழைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, இறையியல் படிக்கப் போய், அங்கே கிரேக்கம் கற்றவன் நான். புதிய ஏற்பாட்டில் சுமார் 140 இடங்களில் வரும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது. காரணம் இருக்கிறது.

அந்தச் சொல் அஃபியேமி. ‘அபோ’ என்றால் அப்பால், ‘ஹியேமி’ என்றால் அனுப்பு, செலுத்து. இரண்டும் சேரும்போது நடுவில் உள்ள ஹகரம் முன்னால் இருக்கும் பகரத்தை மாற்றி அஃபியேமி ஆக்குகிறது. ‘மி’ என்று முடியும் பழைய வினைகளின் வகை இது. அகராதியைத் திறந்தால் போகவிடு, விட்டுச்செல், அனுமதி, விலக்கு, தள்ளுபடி செய், மன்னி என்று வரிசையாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். ஒரே வினைக்கு இத்தனையா என்று மாணவர்கள் மலைப்பார்கள். தமிழ் பேசுகிறவர்கள் மலைக்கத் தேவையில்லை. ‘விடு’ என்ற நம் வினையைக் கையில் வைத்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்தால் போதும்.

சீமோனும் அந்திரேயாவும் வலைகளை விட்டுப் பின்னே போகிறார்கள்: அஃபியேமி. யாக்கோபும் யோவானும் தகப்பனைப் படகில் விட்டுவிட்டுப் போகிறார்கள்: அதே சொல். சீமோனுடைய மாமியாரைக் காய்ச்சல் விட்டுப்போகிறது: அதே சொல். இயேசு பிசாசுகளைப் பேச விடவில்லை: அங்கும் அதுவே. இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொல்லும் இடத்திலும், அதைக் கேட்டு வேதபாரகர் முறுமுறுக்கும் இடத்திலும் மறுபடி மறுபடி அஃபியேமிதான். மத்தேயுவில், சிலுவையில் உயிர் பிரியும் இடத்தில், ஆவியை விட்டார் என்பதற்கும் இதே வினை. வலை, தகப்பன், காய்ச்சல், பாவம், உயிர் எல்லாவற்றுக்கும் கிரேக்கன் ஒரே சொல்லை வைத்திருந்தான். நம்மிடமும் ஒன்று இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் சாதாரண ஜனங்கள் இந்தச் சொல்லைக் கேட்ட இடம் கணக்குதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ரொசெட்டாக் கல்லை எல்லோரும் அறிவார்கள். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க உதவிய, 1799 இல் கிடைத்த அந்தக் கல். கி.மு. 196 இல் ஐந்தாம் தாலமி என்ற இளம் ராஜாவைப் புகழ்ந்து குருமார்கள் வெட்டிய சாசனம் அது. அதன் கிரேக்கப் பகுதியில், ராஜா சில வரிகளை அடியோடு விட்டார் என்ற இடத்தில் ‘அஃபேகென்’ என்று இருக்கிறது. அஃபியேமியின் இறந்தகால வடிவம் அது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் எங்கள் ஊர்க்காரன் நின்று படிக்க வேண்டிய வரி வருகிறது. எகிப்தில் கோயில்களில் மெல்லிய லினன் துணி நெய்து அரண்மனைக் கருவூலத்துக்கு அளக்க வேண்டும். எட்டாம் ஆட்சியாண்டு வரை கோயில்கள் செலுத்தாமல் நின்ற தானியமும் வெள்ளியும், கொடுக்காமல் நின்ற துணியின் மதிப்பும் சேர்த்து ராஜா ‘அஃபேகென்’. நெய்து கொடுக்காத துணியின் பாக்கியை விட்டுவிட்டார். சுவிசேஷங்கள் எழுதப்படுவதற்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் தறிக்கணக்கில் இருந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் தறிஇறை, தறிக்கடமை என்று தறிக்கு வரி வாங்கிய செய்தி உண்டு. இறை நீக்கிய நிலத்துக்கு இறையிலி என்று பெயர். தறிக்கு வரி விதிப்பதும் தயவு வந்தால் விடுவதும் எகிப்தில் மட்டும் நடந்ததில்லை.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள், ஐம்பதாம் ஆண்டில் அடிமைகளையும் நிலத்தையும் விடுவிக்கும் யூபிலிக்கும், ஏழாம் ஆண்டில் கடன் விடுவதற்கும் இந்த வினையின் பெயர்ச்சொல்லான ‘அஃபெசிஸ்’ என்பதைப் போட்டார்கள். இயேசு பேசிய அரமேயத்திலோ கடனுக்கும் பாவத்துக்கும் ‘ஹோபா’ என்று ஒரே சொல். அதனால் பரமண்டல ஜெபத்தை மத்தேயு எழுதும்போது கடன்களை விடும் என்றே எழுதினார். லூக்கா பாவங்கள் என்று மாற்றினார், ஆனால் அடுத்த வாக்கியத்தில் நமக்குக் கடன்பட்டவன் என்பதை அப்படியே வைத்துவிட்டார். மத்தேயு 18 ஆம் அதிகாரத்தில் ஒரு ராஜா தன் ஊழியக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடனை விட்டுவிடுகிறான். தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்றால் 6 கோடி தெனாரியம் ஆகிறது. ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அந்த ஊழியக்காரன் வெளியே போய் 100 தெனாரியத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான். கூலியில் பிடித்தம் பார்த்த எங்கள் தெரு ஜனங்களுக்கு இந்தக் கதையில் புரியாதது ஒன்றும் இல்லை.

இந்தச் சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களின் வரலாறும் கடனோடு பின்னிக்கிடக்கிறது. 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1708 இல் கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கி 1711 இல் முடித்தார். 1715 க்குள் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி வந்தது. அவருக்குப் பின் வந்தவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் பப்ரிசியுஸ். 1740 இல் வந்து, சென்னை வேப்பேரியில் வாழ்நாளைக் கழித்தவர். 1761 இல் புதுச்சேரியை வென்ற ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அங்கிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம் இவர் கைக்கு வந்தது. அந்த அச்சகத்தில் 1772 இல் பப்ரிசியுசின் புதிய ஏற்பாடும், 1779 இல் அகராதியும் வெளிவந்தன. கடைசிக் காலத்தில் அவர் தன் பொறுப்பில் இருந்த பணத்தை வட்டிக்குக் கொடுத்து வைத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. தன்னை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு இவரால் திருப்பித் தர முடியவில்லை. அஃபியேமியைத் தமிழில் எழுதிய அந்தக் கிழவர் கடனுக்காகச் சென்னையில் சிறையில் கிடந்தார். 1791 இல் இறந்தார்.

பவர் என்பவர் தலைமையில் நடந்த தமிழ் வேதாகமத் திருத்தம் 1871 இல் வெளிவந்தது. இன்றும் புராட்டஸ்டண்ட் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதில் மத்தேயுவின் ஜெபத்தில் ‘கடன்’ நிலைத்துவிட்டது. இங்கிலாந்துச் சபையின் ஜெபப் புத்தகம்கூட அத்துமீறல் என்ற பொருளுள்ள சொல்லுக்குப் போய்விட்டது, தமிழ் போகவில்லை. கத்தோலிக்கர் பழைய ஜெபத்தில் பொறுத்தருளும் என்றார்கள், அதுவும் நல்ல சொல்தான். ஆனாலும் எனக்குக் கடன்தான் வேண்டும். 1853 இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனுக்கு எங்கள் சேவூருக்குப் பக்கத்து ஆரணியும் ஒரு நிலையமாக இருந்தது. இந்தத் தறிக்கிராமங்களின் நடுவே அந்த ஜெபம் கடன் என்ற சொல்லோடுதான் சொல்லப்பட்டது.

என் அப்பாவுக்குக் கை இழுத்துக்கொண்டபோது தறியில் பாவு பாதி நின்றது. முதலாளி வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மா பார்க்கட்டும் என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். “அண்ணே, பழைய பாக்கிய விட்டுட்டேன். பாவுல இருக்கறத மட்டும் யாரையாவது வச்சு முடிச்சுக் குடுத்துடுங்க” என்றார். பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா வந்து மீதிப் பாவை நெய்து கொடுத்தார். பல வருஷம் கழித்து இலக்கணப் புத்தகத்தில் ‘அஃபேகென்’ என்ற வடிவத்தைப் படித்தபோது, அகராதி கொடுத்த ஆறு பொருளில் எதை முதலில் எழுதிக்கொள்வது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சபைகளில் சிறுவர்களுக்குப் பரமண்டல ஜெபம் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடன் என்ற இடத்தில் பாவம் என்று அர்த்தம் சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். முதலில் நோட்டுக் கணக்கையே சொல்லுங்கள். பாக்கி வைத்தவன் யார், விட வேண்டியவன் யார் என்று கேளுங்கள். வட்டிக்குக் கொடுக்கிறவர்களும் அந்த ஜெபத்தைச் சொல்கிறார்கள், அவர்கள் காதிலும் அது விழட்டும்.