கொல்லைக்கு வந்த மிளகாய்

நம் வீட்டுக் கொல்லையில், கறிவேப்பிலைக்கு அருகே நிற்கும் மிளகாய்ச் செடியை எவரும் அயல்நாட்டுச் செடி என்று எண்ணுவதில்லை. ஆயினும் சங்கச் சான்றோர் அதைக் கண்டதும் இல்லை; உண்டதும் இல்லை. அவர்கள் ‘கறி’ என்று குறித்தது மிளகையே. சோழப் பேரரசரின் அடுக்களையிலும் மிளகாய் மணத்ததில்லை. அதன் பெயரே அது பின்னர் வந்ததைச் சொல்லிவிடுகிறது: மிளகைப் போல் உறைக்கும் காய், மிளகாய்.

அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிரிட்டு வந்தனர். 1492-இல் பொன்னும் நறுமணப் பொருள்களும் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், மேற்கிந்தியத் தீவுகளில் கண்டது மிளகை அன்று, இந்தக் காயைத்தான். ஏமாற்றத்தை மறைக்கவோ என்னவோ, ஐரோப்பியர் இதற்கும் மிளகின் பெயரையே சூட்டினர்! அக்குழப்பம் ஆங்கிலத்தில் இன்றளவும் தீரவில்லை.

1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1510-இல் கோவா போர்த்துகீசியர் வசமாயிற்று. அவர்களுடைய கப்பல்களின் வழியாகவே 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் இந்தியக் கரையேறியது என்பது அறிஞர் துணிபு. மிளகு வாங்க வந்தவர்களே மிளகுக்கு ஒரு போட்டியையும் கொண்டுவந்து இறக்கியது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

அந்தப் போட்டியில் மிளகாய் வென்றது எங்ஙனம்? மிளகுக் கொடிக்கு மலைச்சாரலின் மழை வேண்டும். பற்றிப் படர மரம் வேண்டும். காய்க்கச் சில ஆண்டுகள் பொறுத்திருக்கவும் வேண்டும். மிளகாய்க்கோ வெயில் விழும் சிறு இடம் போதும்; நட்ட மூன்று மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கிவிடும். ஒரு பழத்தின் விதை ஒரு தெருவுக்கே போதும். வணிகரிடம் விலை கொடுத்துப் பெற வேண்டியிருந்த காரம் ஏழையின் கொல்லையிலேயே விளைந்தது. அரசாணை ஏதுமின்றி நாடெங்கும் அது பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. இராமநாதபுரத்தின் வானம் பார்த்த நிலத்தில் விளையும் உருண்டையான முண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடே பெற்றுவிட்டது.

மனிதனுக்கு முன்னரே அதன் விதையைப் பரப்பியவை பறவைகள். நம் நாவைச் சுடும் காப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதில்லை. விதையைக் கடித்து நொறுக்கும் எலி போன்ற விலங்குகளோ அந்தக் காரத்துக்கு அஞ்சி விலகும். காரம் மிகுந்திருப்பது விதையில் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே அது சுரக்கிறது.

நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தப் பழக்கத்தை மாணவர்களாகிய நீங்களும் ஒரு தொட்டியில் தொடரலாம். நோயற்ற செடியில் நன்கு பழுத்த பழத்தின் விதையைக் காயவைத்து விதையுங்கள். ஐந்தாறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நடலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆதலால் தொட்டியின் அடியில் துளை அவசியம். இலையின் அடிப்புறத்தை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். அங்கே தங்கும் வெள்ளை ஈ, இலைச்சுருட்டை நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டு செல்லும். அந்நோய் கண்ட செடி தேறாது. இரக்கம் பாராமல் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால், அடுத்த தொட்டியில் உள்ளது பிழைக்கும்.