ஒகையோ மாநிலத்தின் பாடசாலை வீரருள் முதலிடம் யாருக்கு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒகையோ என்றொரு மாநிலம் உளது. அம்மாநிலத்தாருக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். அவர்கள் அப்பெயரால் அழைப்பது நாம் மாலை வேளைகளில் உதைத்தாடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும், எதிரணியை ஊடறுத்துச் செல்லும் ஆட்டமாகும். நம் நாட்டில் றகர் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் விளங்கும். மசிலன், கன்ரன் என்னும் அயலூர்ப் பாடசாலைகள் இரண்டும் 1894 ஆம் ஆண்டிலே மோதத் தொடங்கியவை. மசிலனிலே பிறக்கும் ஆண் மகவுக்குச் சிறு பந்தொன்றை அன்பளிப்பாக வழங்கும் வழக்கமும் உண்டென்றால் அவ்வூராரின் பற்றைப் பற்றி வேறு சொல்ல வேண்டுவதில்லை.

இம்மாநிலத்துப் பாடசாலை ஆட்டக்காரருள் ஒருவரைப் பத்திரிகையாளர் ஆண்டுதோறும் தெரிந்தெடுத்து விருதளிக்கும் வழக்கம் 1987 இல் ஆரம்பமாயிற்று. 'மிஸ்டர் புட்போல்' என்பது விருதின் பெயர். பெரிய நகரக் கல்லூரியாயினும் சிற்றூர்ப் பாடசாலையாயினும் விருது ஒன்றே. இவ்விருதைப் பெற்றோருள் தலைசிறந்தவர் யார் என்பதே அங்கு ஓயாத வாதம். கைஸ்மன் விருதை இருமுறை வென்ற ஆர்ச்சி கிறிபின் போன்ற முதியோர், விருது தோன்றுமுன்னரே பாடசாலையை விட்டு நீங்கியவர்கள். ஆதலின் அவர்கள் இக்கணக்கில் வாரார்.

பலர் கூறும் பெயர் சாள்ஸ் வூட்சன். பிறீமொன்ற் நகரப் பாடசாலையில் 1994 ஆம் ஆண்டு விருது பெற்றவர் இவர். அவ்வோராண்டிலேயே பந்தை ஏந்தி 2,028 யார் ஓடினார். பின்னர் ஒகையோவின் பரம வைரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1997 இல் நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழக வீரனுக்குரிய கைஸ்மன் விருதைத் தடுப்பாட்டக்காரராகவே பெற்றார். சொந்த மாநிலத்தார் சிலர் இதனை இன்னும் மன்னிக்கவில்லை போலும்!

இளைஞர்களோ ஜோ பறோவின் பெயரையே சொல்வர். ஏதென்ஸ் என்னும் ஏழ்மை மிகுந்த பகுதியிலிருந்து வந்த இவர், 2014 இல் 63 முறை பந்தெறிந்து எல்லை சேர்த்து, தம் பாடசாலையை மாநில இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார். இறுதியில் 56க்கு 52 என்ற கணக்கில் தோல்வி. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக அணியிலே வாங்கில் காத்திருந்து, பின்பு லூசியானாவுக்குப் பெயர்ந்து, 2019 இல் கைஸ்மன் விருது பெற்றார். அப்பரிசை ஏற்ற மேடையிலே தம்மூர்ப் பிள்ளைகளின் பசியை அவர் எடுத்துரைக்க, நாடெங்குமிருந்து நன்கொடை குவிந்தது. அந்தச் செயலுக்காக எவ்வளவு போற்றினும் தகும்.

ஆயினும் நாம் ஒன்று கேட்போம். விருது பாடசாலை ஆட்டத்துக்கன்றோ? பின்னாளில் ஈட்டிய புகழைக் கொண்டுவந்து முன்னாட் கணக்கில் வரவு வைப்பது எவ்வகை நியாயம்? பின்னாட் புகழே அளவுகோலாயின் பிண்ட்லி ஊரவரான பென் றொத்லிஸ்பேகர் எங்கே? பந்தெறியும் இடம் அவருக்குப் பாடசாலையின் கடைசி ஆண்டாகிய 1999 இலேதான் கிடைத்தது. மாநில விருது வேறொருவருக்குப் போயிற்று. இவரோ தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான சுப்பர் போலை இருமுறை வென்றார். அதற்காக 1999 ஆம் ஆண்டின் தீர்ப்பு பிழையென்று எவரும் சொல்லார்.

பாடசாலை ஆட்டத்தை மட்டும் நோக்கின் எம் வாக்கு றொபேட் சிமித்துக்கே. யூக்கிளிட் பாடசாலை மாணவரான இவர் 1988 இலும் 1989 இலும் இவ்விருதைப் பெற்றார். முதலாண்டிற் பெயர் பெற்றவனை மறுவாண்டு எல்லா அணிகளும் குறிவைக்கும். அங்ஙனம் குறிவைத்தும் இவரை மடக்க இயலவில்லை. 1990 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் புகுந்து, முதலாண்டு மாணவருள் கிறிபின் நாட்டிய ஓட்டச் சாதனையை முறியடித்தார். மருத்துவம் பயில விரும்பிய தம்மை, பயிற்சிக்காகப் படிப்பை விடுமாறு பயிற்றுநர் நெருக்கினர் என்று குற்றஞ்சாட்டி, 1991 இல் அணியைவிட்டே விலகி நின்றார். மறுவருடம் மீண்டார். தொழில்முறையிலும் 2000 ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,521 யார் ஓடி, புகழின் உச்சியில் நிற்கையிலேயே, 28 ஆம் வயதில் ஓய்வு பெற்றார். இந்த மனவுறுதிக்காக நாம் அவருக்கு முதலிடம் தரவில்லை. தந்தால் நாமே நம் விதியை மீறியவராவோம். இருமுறை பெற்ற விருதுக்காகவே தருகின்றோம்.

சிமித்தின் முதலாண்டுச் சாதனையை முறியடித்தவர் மொறிஸ் கிளறெற். 2001 ஆம் ஆண்டின் விருது பெற்றவர் இவர். வாறன் நகரப் பாடசாலை மாணவர். பல்கலைக்கழக முதலாண்டிலே 1,237 யார் ஓடியதுடன், 2003 சனவரியில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் வெற்றிக்குரிய கடைசிப் புள்ளிகளையும் ஈட்டினார். அதன்பின் எல்லாம் சரிவுதான். அணியிலிருந்து தடைசெய்யப்பட்டார். பாடசாலை விட்டு மூன்றாண்டு கழியாமல் தொழில்முறையில் ஆடலாகாது என்ற விதியை எதிர்த்து 2004 இல் வழக்காடினார். கீழ் நீதிமன்றத்தில் வென்று மேல் நீதிமன்றத்தில் தோற்றார். 2005 இல் டென்வர் அணி தெரிந்தெடுத்தும் ஒரு பருவ ஆட்டமேனும் ஆடாமலே நீக்கிற்று. 2006 இல் சிறை. 2010 இல் விடுதலை. அதன்பின் இளைஞரிடையே தம் கதையைச் சொல்லி வருபவராயினார்.

சிறை சென்றவர் பெயரைப் பட்டியலில் உயர்த்தலாமோ என்று கேட்பார் உளர். 2001 ஆம் ஆண்டு மைதானத்தில் ஓடிய பதினெட்டு வயதுப் பையன் 2006 ஆம் ஆண்டின் குற்றத்தைச் செய்தவனல்லன். ஆதலின் சிமித்துக்கு அடுத்து வூட்சன், அவருக்கு அடுத்து கிளறெற் என்றே யாம் வரிசைப்படுத்துவோம். பறோ நான்காமிடத்தில் நிற்பது இளைஞருக்கு உவப்பாயிராது. அவர்கள் எதிர்வாதம் எழுதினால் அடுத்த மலரிலே இடமுண்டு.