ஆடி காட்டிய வானம்

தொலைநோக்கி என்றதும் நீண்ட குழாயும் அதன் இரு முனைகளிலும் பதித்த கண்ணாடி வில்லைகளுமே பலருடைய நினைவுக்கு வரும். 1609ஆம் ஆண்டில் கலிலியோ வானத்தை ஆராய்ந்தது அத்தகைய கருவியினால்தான். ஆயினும், இன்று உலகின் பெரிய வானாராய்ச்சி நிலையங்களில் பணிபுரியும் தொலைநோக்கிகள் வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஒளியைத் திரட்டுவது வில்லை அன்று, குழிந்த ஆடி. இந்த ஆடித் தொலைநோக்கியின் உறுப்புகள் மிகச் சிலவே. ஆனால், அவற்றைச் செய்வதும் செய்தவற்றை ஒழுங்குறப் பொருத்துவதும் எத்துணை அரிய கலை என்பதை அதன் வரலாறு உணர்த்துகிறது. அக்கலையை நம் நாடு கைவசப்படுத்திக்கொண்ட கதையும் அவ்வரலாற்றில் அடங்கும்.

முதலில் உறுப்புகளை அறிந்துகொள்வோம். குழாயின் அடியில், விண்ணை நோக்கியவாறு முதன்மை ஆடி அமர்ந்திருக்கிறது. விண்மீனிலிருந்து வரும் கதிர்கள் அதன் குழிந்த பரப்பில் பட்டுத் திரும்பி ஓரிடத்தில் குவிகின்றன. குவியும் இடம் ஆடிக்கு முன்னால் இருப்பதால், அங்கே தலையை நீட்டிப் பார்ப்பவர் தம் தலையாலேயே ஒளியை மறைத்துவிடுவார். ஆதலால், கதிர்கள் குவிவதற்குச் சற்று முன்னர் ஒரு சிறிய தட்டையான ஆடியைச் சாய்த்து வைத்து, அவற்றைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறார்கள். அங்கே பொருத்திய கண்ணருகு வில்லை பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இவற்றைத் தாங்க ஒரு குழாய். குழாயைத் தாங்கித் திருப்ப ஒரு பீடம். இவ்வளவே கருவி.

இத்தகைய கருவி ஒன்றின் வரைபடத்தை ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் கிரெகரி 1663ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். ஆனால், அவர் விரும்பிய வடிவில் ஆடியைச் செய்து தரக்கூடிய கைவினைஞர் அன்று இலண்டனில் கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1668இல் நியூட்டன் அதனைத் தம் வழியில் செய்து முடித்தார். வில்லையின் ஊடே செல்லும் ஒளி நிறங்களாகப் பிரிந்து பிம்பத்தைக் கெடுக்கிறது. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு அக்குறை இல்லை. இதனை உணர்ந்த அவர் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. தாமே உலோகம் உருக்கி வார்த்தார், தாமே தேய்த்தார், தாமே மெருகேற்றினார். அவ்வாடியின் குறுக்களவு சுமார் 3 செண்டிமீட்டர். குழாயின் நீளம் ஏறத்தாழ 15 செண்டிமீட்டர். கையடக்கமான அச்சிறு கருவியே இன்றைய பெருங்கருவிகளுக்கு மூதாதை.

ஒரு நூற்றாண்டு கழிந்து, வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைவாணர் அதே வழியைப் பின்பற்றினார். இங்கிலாந்தில் பாத் நகரில் இசை கற்பித்துப் பிழைத்த அவர், ஓய்வு நேரத்தில் ஆடிகளை வார்த்துத் தேய்த்தார். மெருகேற்றும்போது இடையில் கையெடுத்தால் பரப்பு கெட்டுவிடும் என்பதனால், ஒருமுறை 16 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தாராம். அவருக்கு உணவை ஊட்டிவிட்டவர், பின்னாளில் தாமும் பல வால்மீன்களைக் கண்டறிந்த தங்கை கரோலின். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் இரவு, ஹெர்ஷல் தம் கையால் செய்த தொலைநோக்கியின் வழியே ஒரு புதிய கிரகத்தைக் கண்டார். அதுவே யுரேனஸ்.

அக்கால ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. அவை எளிதில் மங்கும். மங்கியதை மீண்டும் மெருகேற்றினால் பரப்பின் வடிவம் மாறும். 1850களில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் பிரான்சில் ஃபூக்கோவும் கண்ணாடியில் ஆடி செய்து அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு இட்டபோது இக்குறை நீங்கிற்று. பூச்சு மங்கினால் அதனைக் கழுவிவிட்டு வேறு பூச்சு இடலாம். கண்ணாடியின் வடிவம் மாறாது. இன்று வெள்ளிக்குப் பதிலாகப் பெரும்பாலும் அலுமினியம் பூசுகிறார்கள்.

கண்ணாடியைக் குழிப்பது எங்ஙனம்? இரண்டு வட்டக் கண்ணாடிகளுக்கு இடையே கரடுமுரடான பொடியையும் நீரையும் இட்டு, மேலுள்ளதை முன்னும் பின்னுமாகத் தேய்க்கிறார்கள். மேற்கண்ணாடி குழிகிறது, கீழ்க்கண்ணாடி குவிகிறது. பொடியைப் படிப்படியாக நுண்ணியதாக்கி, இறுதியில் கீல் பூசிய தட்டில் செந்நிற இரும்பு ஆக்ஸைடுப் பொடியைக் கொண்டு மெருகேற்றுகிறார்கள். இப்பரப்பில் இருக்கத்தக்க பிழை, ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூற்றிலும் குறைவு. அதனை எந்த அளவுகோல் காட்டும்? ஃபூக்கோ அதற்கும் வழி கண்டார். ஊசித்துளை வழியே ஒளியை ஆடிமேல் செலுத்தி, திரும்பிக் குவியும் இடத்தில் ஒரு கூரிய கத்தி முனையை நகர்த்தினால், ஆடியின் மேடுபள்ளங்கள் யாவும் நிழல்களாகத் தெரியும்.

ஆடி செவ்வையாக அமைந்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. முதன்மை ஆடியும் சிறிய ஆடியும் கண்ணருகு வில்லையும் ஒன்றையொன்று நேராக நோக்க வேண்டும். ஆடி சிறிது சாய்ந்திருந்தாலும் விண்மீன் புள்ளியாகத் தோன்றாது. வால் முளைத்ததுபோல் தோன்றும். பீடமும் அவ்வாறே. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வனபோல் தோன்றுகின்றன; அவற்றைத் தொடர்ந்து செல்ல, பீடத்தின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருத்தல் வேண்டும். அதன் சாய்வு அந்தந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம். எனவே, ஓர் ஊரில் பொருத்திய கருவியை வேறோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது.

இதன் உண்மையை நம் நாடு நேரில் கண்டது. 1880களில் பவநகர் மகாராஜா தக்தசிங்ஜியின் நன்கொடையால் புனேயில் ஒரு வானாராய்ச்சி நிலையம் தோன்றிற்று. டப்ளின் நகரின் கிரப் தொழிற்சாலையிலிருந்து வாங்கிய அதன் 20 அங்குல ஆடித் தொலைநோக்கி, அந்நாளில் இந்தியாவிலேயே பெரியது. அதனைப் பேணிவந்தவர் பேராசிரியர் கவாஸ்ஜி நயகம்வாலா. அவர் ஓய்வு பெற்றதும், 1912இல் நிலையம் மூடப்பட்டது. கருவிகள் கொடைக்கானலுக்குச் சென்றன. அங்கு நடைபெற்றது ஞாயிற்றைப் பற்றிய ஆராய்ச்சி. ஆதலால், பெருந்தொலைநோக்கி நெடுங்காலம் வேலையின்றிக் கிடந்தது. புனேயின் அட்சரேகை பதினெட்டரைப் பாகை. கொடைக்கானலுடையது பத்துப் பாகைக்குச் சற்று மிகுதி. அச்சைப் புதிய சாய்வில் நிறுத்தி, உறுப்புகளைப் பொருத்தி, அதனை உயிர்ப்பிக்கும் பணி நாடு விடுதலை பெற்ற பின்னரே நிறைவேறிற்று. ஆடி இருந்தது, குழாய் இருந்தது, பீடமும் இருந்தது. அவற்றை ஒன்றாக்கும் முனைப்பு இல்லாதவரை அங்கே தொலைநோக்கி இல்லை.

1960இல் கொடைக்கானல் நிலையத்தின் தலைமையை ஏற்ற வைணு பாப்பு, இப்பாடத்தை நன்கு உணர்ந்தவர். ஜவ்வாது மலையில் காவலூர் என்னுமிடத்தை அவர் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கு முதலில் நிறுவப்பட்டது, கொடைக்கானல் பட்டறையிலேயே உருவான 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி. 1972இல் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தபோது, அதற்குச் சான்று தந்த கருவிகளுள் அதுவும் ஒன்று.

பின்னர் வந்தது பெருமுயற்சி. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடிக்குரிய கண்ணாடி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதனைத் தேய்த்து, மெருகேற்றி, சோதித்து முடித்தவர்கள் பெங்களூரில் ஜெயராஜன் தலைமையில் உழைத்த இந்தியத் தொழில்நுட்பர்கள். பெரும்பீடத்தை வால்சந்த் நகர்த் தொழிற்சாலை வார்த்தெடுத்தது. காவலூரின் அட்சரேகைக்கு ஏற்ப, அதன் அச்சு பன்னிரண்டரைப் பாகையே உயர்ந்து நிற்கிறது. 1982இல் மறைந்த பாப்பு அது முற்றுப்பெற்றதைக் காணவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டி நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இன்று அதனினும் பெரிய 3.6 மீட்டர் தொலைநோக்கி, உத்தராகண்டத்தின் தேவஸ்தலில் 2016 முதல் பணிபுரிகிறது. அது பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் துணையுடன் அமைந்தது. பிற நாட்டிலிருந்து கருவி பெறுவதில் இழிவு ஏதுமில்லை. ஆனால், ஆடியின் பூச்சு காலப்போக்கில் மங்கும். அப்போது அதனைக் கழற்றி இறக்கி, கழுவி, புதிய பூச்சிட்டு, மீண்டும் ஏற்றி, ஒவ்வோர் உறுப்பையும் நேர்ப்படுத்த வேண்டும். அதனைச் செய்யவல்ல கைகள் ஒரு நாட்டில் உள்ளவரைதான் அந்நாட்டுக்கு வானம் திறந்திருக்கும்.